வெறுந்தண்ணீர்க் குவளை

இலையை நிழலில் உலர்த்தினோம்.
வெயில் பட்டால் வீரியம் போய்விடும் என்றாள் பூசிசிவே.
அது உண்மையா என்று
இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை.

உம்தகானே. வெள்ளைப் பூ, கரிய காய்.
தமிழில் இதற்கென்ன பெயரோ, எனக்குத் தெரியாது.
இடித்து, சலித்து, ஊறவைத்து, வடிகட்டி
வெளிறிய தேநீர் நிறத்தில் ஏழு குவளை.
ஒவ்வொன்றிலும் பத்து நத்தை.
எட்டாவதில் வெறுந்தண்ணீர்.
அதிலும் பத்து.
அந்தப் பத்தும் பிழைத்தால்தான்
மற்ற சாவுகளுக்கு அர்த்தம்.

தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பார்கள்.
எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.
டோங்காட் ஆற்றின் மேல் குற்றப்பத்திரிகை எழுதுகிறேன்,
மில்லிலிட்டர் மில்லிலிட்டராக.

உண்மையில் ஆறு ஒன்றும் செய்யவில்லை.
நத்தையும் செய்யவில்லை.
அதற்குள் குடியிருப்பவன்
காலை பத்துக்கு மேல், வெயில் ஏற ஏற,
வெளியே வருகிறான்.
வால் பிளந்தவன். கண்ணுக்கு அகப்படாதவன்.
ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் ஆயுள்;
அதற்குள் ஒரு முழங்கால் கிடைத்தாக வேண்டும்.
அந்த அவசரம் எனக்குப் புரிகிறது.
டர்பனில் வாடகை வீடு தேடியவள் நான்.

லிந்தெலானிக்குப் பதினொரு வயது.
பள்ளிக்கூடத்துப் பின்சுவரில் பையன்கள் வரிசையாக நின்று
யாருடையது அதிகச் சிவப்பு என்று பந்தயம் கட்டினார்கள்.
அவன்தான் ஜெயித்தான்.
பெரியவனாகிவிட்டேன் என்று வீட்டில் போய்ச் சொன்னானாம்.

சாலாட்சி மூட்லியின் மடும்பிப் பாத்தி
ஆற்றங்கரைச் சேற்றில் இருக்கிறது.
கால் நனையாமல் கிழங்கு வருமா, நீயே சொல் என்றாள்.
சொல்லத் தெரியாமல்
ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கொடுத்தேன்.
அடுத்த மாதம் போனபோது
இரண்டிலும் கொத்தமல்லி வளர்ந்திருந்தது.

இருபத்துநான்கு மணி நேரம் கழித்து
ஊசி முனையால் தொட வேண்டும்.
உள்ளிழுத்துக்கொண்டால் உயிர்.
இல்லையென்றால் ஏட்டில் ஒரு கோடு.

முதல் குவளை, பத்துக் கோடு.
மூன்றாவது, பத்து.
ஏழாவது, இலை வாசமே இல்லாத அளவுக்கு நீர்த்தது,
அதிலும் பத்து.
பூசிசிவே மேசையைத் தட்டிப் பாடவே தொடங்கிவிட்டாள்.
நான் எட்டாவதைத் தொட்டேன்.

தொட்டேன்.
மறுபடி தொட்டேன்.

நான்கு நாள் நகராட்சிக் குழாய் வரவில்லை.
பீப்பாயில் வைத்திருந்த ஆற்றுநீர் தீர்ந்துபோயிருந்தது.
ஐந்தாம் நாள் குழாய் இருமி, காறி,
குளோரின் நெடியோடு கொட்டியபோது
ஆசையில் எட்டுக் குவளையையும்
நான்தான் நிரப்பினேன்.

எண்பது நத்தை.
இலை கொன்றது எத்தனை, குழாய் கொன்றது எத்தனை?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
"செல்லாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
பூசிசிவே மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல்,
"மேடம், மரத்தை விடுங்கள், குழாயை நடலாம்" என்றாள்.

மறுபடி இலை. மறுபடி நிழல்.
இந்த முறை ஒன்பதாவது குவளை ஒன்றும் உண்டு,
அதில் ஐந்து மீன்குஞ்சு.
எல்லா நத்தையும் சாகும் அளவில்
குஞ்சு மூன்று மிதந்தது.
பாதி அளவுக்கு இறங்கினோம்.
இப்போது நத்தையில் ஆறு சாகிறது, மீன் பிழைக்கிறது.
இடையில் எங்கோ ஒரு எண் இருக்கிறது.

நேற்றிரவு தூக்கம் வராமல் திரும்பி வந்தேன்.
டார்ச் வெளிச்சத்தில் எட்டாவது குவளை.
ஊசியால் தொட்டதும் ஒவ்வொன்றும் சுருக்கென்று உள்ளே போனது.
பத்தும்.
கொல்ல வந்தவள்,
நன்றி என்று சொன்னேன்.

இன்று சனிக்கிழமை. குழாய் மறுபடி வறண்டிருக்கிறது.
மாத்திரை விழுங்கி, சிவப்பு நின்ற லிந்தெலானி
மஞ்சள் வாளியோடு ஆற்றில் இடுப்பளவு நின்று
என்னைப் பார்த்துக் கையாட்டுகிறான்.

நானும் கையாட்டினேன்.
அந்தக் கையில்தான் கடிகாரம்.
மணி பத்தேகால்.